ஆடாத தொடை

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு வைத்தியசாலை இருந்தது. பூரணி அம்மைதான் அங்கே ஆசான்.

அக்கரையில் புதிதாக இன்னொரு வைத்தியசாலை கட்டி முடித்தாகிவிட்டது. அதற்குத் தலைமை ஏற்க யாரை அனுப்புவது என்ற பேச்சே எழவில்லை. அம்மையின் மூத்த மாணவன் திருமேனிதான். விடிந்தால் ஓடம்.

திருமேனி அம்மையிடம் வந்தான்.

"அம்மா, வந்த புதுசுல பச்சிலை ஏடு கொடுத்தீங்க. நோயாளியைத் தொட ஆரம்பிச்சதும் நாடி ஏடு. தனியா வைத்தியம் பார்க்கப் போனப்ப நஞ்சு முறிவு ஏடு. எல்லாம் மனப்பாடம். நாளையிலேர்ந்து தலைவன். அதுக்கு எந்த ஏடு?"

"மேல் பரணில் இருக்கிறது. எடு."

ஏணி போட்டு ஏறினான். இறங்கும்போது முகம் சுருங்கியிருந்தது.

"இது பச்சிலை ஏடும்மா!"

"அதேதான். அதை முடித்துவிட்டு ஓடம் ஏறு. முடிக்காவிட்டால் ஏற வேண்டாம்."

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேனே!"

"நீ சொல்ல வேண்டாம். மாசானம் படிக்கட்டும்."

மாசானம் போன மாதம்தான் சேர்ந்தவர். அதுவரை ஓடக்காரர். திருமேனியைவிடப் பத்து வயது மூத்தவர். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. வெயிலுக்குக் காட்டி எழுத்துக் கூட்டினார்.

"ஆடாத... தொடை... ஒரு பிடி..."

திருமேனி வெடித்துச் சிரித்தான்.

"யார் தொடை ஓய்? ஆடு தொடாத இலை, அதனால ஆடாதொடை! உம்ம தொடையை வெட்டிப் போட்டுக் கஷாயம் வைக்கவா?"

மருந்து இடித்துக்கொண்டிருந்தவர்கள் உலக்கையைச் சாய்த்துவிட்டுச் சிரித்தார்கள். மாசானமும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அடுத்த வரிகளை எங்கும் நிற்காமல் கடகடவென்று படித்தார்.

"பார்த்தீங்களா அம்மா? ஒரு அதட்டல், ஒழுங்கா வந்துடுச்சு."

அம்மை மாசானம் பக்கம் திரும்பினார். "மாசானம், வயிறு கட்டிப்போய் ஒரு வண்டிக்காரர் படுத்திருக்கிறாரே, கடைசியாகப் படித்த மருந்து அவருக்குத்தான். செய்து முதலில் என்னிடம் கொண்டு வா."

உள்ளே அம்மிக் குழவி ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. திருமேனி புருவத்தை உயர்த்தினான்.

மாசானம் கிண்ணம் நிறைய விழுது கொண்டுவந்தார்.

"எவ்வளவு போட்டீர்?" என்றான் திருமேனி.

"நேர்வாளக் கொட்டை ரெண்டு கை. 'நேர்வாளம் அரை'ன்னு இருந்துச்சு. அரைச்சேன்."

திருமேனி கிண்ணத்தைப் பிடுங்கினான்.

"அரைன்னா பாதி ஓய்! ஒரே ஒரு கொட்டையில பாதி! அதுக்கே ராத்திரியெல்லாம் போகும். இதைக் குடிச்சிருந்தா அந்த ஆளு பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேர்ந்திருப்பான். அரைக்கிறதா, பாதியான்னு ஒரு சந்தேகம் கூடவா வரல?"

"வந்துச்சு வைத்தியரே."

"வந்தா கேக்க வேண்டாமா?"

மாசானம் தலை குனிந்தார்.

"தொடைக்கே அவ்வளவு சிரிச்சீங்க."

உலக்கைச் சத்தம் நின்றது.

திருமேனி கிண்ணத்தை எடுத்துப் போய்க் குழி தோண்டிப் புதைத்தான். கையை மூன்று முறை கழுவினான். திரும்பி வந்து மாசானத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணே, முதல் ஓலையிலேர்ந்து படிங்க."

"சிரிப்பீங்க."

"சிரிச்சா நாளைக்கு ஓடம் ஏற மாட்டேன்."

மாசானம் மெல்ல ஆரம்பித்தார். ஓரிடத்தில் நின்றார். திருமேனி வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"இது 'கரி'யா, 'காரி'யா? எனக்குப் புரியல," என்றார் மாசானம்.

"இப்படிக் கொடுங்க, சேர்ந்து பார்ப்போம்."

ஓலையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தபடியே திருமேனி கேட்டான்.

"அம்மா, இந்த ஏட்டை நீங்க எத்தனை தடவை படிச்சிருப்பீங்க?"

"ஒரு தடவை," என்றார் அம்மை. "மிச்சமெல்லாம் நீங்கள் படிக்கக் கேட்டது."