வெளியிலிருந்து ஆதரவு

மந்திக்குளத்துக்காரர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. யோசித்துப் பார்த்தால், எண்ணம் என்று எதுவுமே அவ்வளவாகக் கிடையாது. ஊராட்சித் தலைவர் கொண்டல்சாமி இளகிய மனசுக்காரர். யாராவது தும்மினால்கூட அவருக்குக் கவலை வந்துவிடும்.

நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த அன்று டீக்கடை டிவி முன்னால் ஊரே கூடியிருந்தது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை, தொங்கு நாடாளுமன்றம்தான் அமையும் என்று செய்தி வாசித்த பெண் சொன்னாள். கொண்டல்சாமி குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மாம்பெரிய கட்டடத்தை எதுலப்பா தொங்கவிட்டிருப்பாங்க?"

தையல்கடை உடையப்பன் நெடுநேரம் யோசித்தான். "எதுலன்னு தெரியல தலைவரே. ஆனா கயிறு நல்ல கயிறாத்தான் இருக்கும். சர்க்கார் கயிறுல்லா."

கூட்டணி ஆட்சிக்குப் பேச்சு நடப்பதாக அடுத்த செய்தி வந்தது. ஒரு கட்சி மட்டும் உள்ளே போகாதாம், வெளியிலிருந்தே ஆதரவு தருமாம். எல்லோரும் தலையாட்டினார்கள். தொங்குகிற கட்டடத்துக்குள் புத்தியுள்ளவன் போவானா? வெளியே நின்று தாங்கிப் பிடிப்பதுதானே முறை.

கொண்டல்சாமி எழுந்து நின்று தன் பயத்தைச் சொன்னார். டெல்லிக் கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால், காற்றடித்தால் ஓடு சரியும் நம்ம ஊராட்சி அலுவலகம் என்னாவது? தினமும் உள்ளே உட்காருகிறவர் அவர்தானே.

சொன்னதுதான் தாமதம், ஊர் ஆண்கள் ஓடிப்போய் கிழக்குச் சுவரைத் தாங்கினார்கள். எல்லோரும் ஒரே பக்கம் தள்ளினால் மேற்கே சாய்ந்துவிடும் என்று ஆட்டுக்காரர் மாசானம் சொல்ல, பாதிப்பேர் மேற்குச் சுவருக்கு மாறினார்கள். உடையப்பன் வாசலுக்கு வந்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றான். உள்ளே நாற்காலியில் தலைவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

மத்தியானம் டீக்கடைக்காரர் செய்தியோடு வந்தார். டெல்லியில் கூட்டணி ஆட்சி அமைவது உறுதியாகிவிட்டதாம். எல்லோரும் கையை எடுக்கப் போனார்கள்.

"இருங்க, மிச்சத்தையும் கேளுங்க. ஆதரவை வாபஸ் வாங்கினா கவிழ்ந்துருமாம்."

எடுத்த கைகளெல்லாம் மறுபடி சுவரில் ஒட்டிக்கொண்டன. முதுகு அரிக்கிறது என்று நெளிந்த உடையப்பனை எல்லோரும் முறைத்தார்கள். பெண்கள் வந்து வாயில் சோறு ஊட்டிவிட்டுப் போனார்கள். இந்த ஆட்சி எத்தனை வருஷம் என்று ஒருவர் கேட்க, ஐந்து என்று இன்னொருவர் சொன்னார். மேற்குச் சுவர்ப் பக்கம் நின்றவர்கள் காலை அகட்டி வைத்து வசதியாக நின்றுகொண்டார்கள்.

சாயங்காலம் மாசானத்தின் ஆடுகள் கத்த ஆரம்பித்தன. "பட்டியில அடைச்சிட்டு வந்துருதேன், யாராச்சும் என் இடத்தைப் பிடிங்கப்பா," என்று அவர் கெஞ்சினார். மாற்றுவதற்கு ஆள் இல்லை.

ஜன்னல் வழியாக இதைக் கேட்ட கொண்டல்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஒரு உயிருக்காக ஊரே இப்படிக் கிடந்து தவிக்கிறதே என்று வேட்டியை மடித்துக் கட்டினார். கதவைத் திறந்தால் உடையப்பனின் ஆதரவு போய்விடும் என்று ஜன்னல் வழியாகவே ஏறிக் குதித்தார். மாசானத்தை அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் நின்று இரண்டு கையாலும் சுவரைத் தாங்கினார்.

உடையப்பன் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான். "தலைவரே, இப்ப உள்ள யாருமே இல்லியே?"

"இல்லப்பா," என்றார் கொண்டல்சாமி பெருமூச்சோடு. "இனிமே விழுந்தாலும் பயமில்ல. தைரியமா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."