வேலாண்டிக் கரடி விறகு வாங்கிய கதை

கூம்பாறை மலைக்காட்டில் வேலாண்டி என்றொரு கரடி தன் மனைவி பொம்மக்காவோடு ஒரு குகையில் குடியிருந்தான். அந்தக் காட்டில் விலங்குகளெல்லாம் அடுப்பு மூட்டித்தான் வாழ்ந்தன. கிழங்கு வேக வேண்டும், மழைக்காலத்தில் குகை காய வேண்டும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வெந்நீர் வேண்டும். அந்த வருஷம் பொம்மக்காவும் பிள்ளைத்தாய்ச்சி. கார்த்திகையில் குட்டி பிறந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் அவள் குகையின் மூலையைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு சுள்ளிகள்தான் கிடந்தன. ஐப்பசி பிறந்தால் அடைமழை பிடித்துக்கொள்ளும், வெளியே தலைகாட்ட முடியாது, அதற்குள் இருபது கட்டு விறகாவது உள்ளே அடுக்கியாக வேண்டும் என்று புருஷனிடம் சொன்னாள். ஓடைக்கரையில் ஒரு கருமருது பட்டுப்போய் நின்றது. அதை வெட்டினால் இருபது கட்டுக்குக் குறையாது. நாலு நாள் வேலை. வேலாண்டியின் நகங்களுக்கு அது ஒன்றும் பெரிய மரமில்லை.

மறுநாள் காலையிலேயே வேலாண்டி அங்கே போனான். மரத்தை ஒருமுறை சுற்றி வந்தான். அண்ணாந்து பார்த்தான். பக்கத்தில் வந்து பார்த்தபோது மரம் கொஞ்சம் உயரமாகத்தான் தெரிந்தது. உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு அவன் யோசித்து நின்ற நேரம், முள்ளம்பன்றி சடையாண்டி அந்தப் பக்கமாக வந்தான்.

சடையாண்டி விறகு வியாபாரி. கயிறு, சும்மாடு எதுவும் அவனுக்குத் தேவையில்லை. வெட்டிய விறகை முதுகு முட்களில் குத்திக்கொண்டு காடெல்லாம் நடப்பான். வாங்குகிறவர்கள்தான் கையில் முள் ஏறாமல் பார்த்துப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்களா மரம் வெட்டப் போறீங்க?" என்று கேட்டான் சடையாண்டி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

வேலாண்டிக்கு ஏனோ வெட்கமாகிவிட்டது. சும்மா மரத்தைப் பார்க்க வந்ததாகச் சொன்னான்.

சடையாண்டி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னான். மரம் வெட்ட இந்தக் காட்டில் யாராலும் முடியும். ஆனால் செங்குத்துப் பாறையில் ஏறித் தேன் எடுக்கத் தெரிந்த கை வேலாண்டியின் கை ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட கையை மரத்தில் உரசித் தேய்க்கலாமா? நாலு நாள் விறகு வெட்டுகிற நேரத்தில் எட்டுத் தேனடை எடுத்துவிடலாமே. விறகு என்ன பெரிய விலை, ஒரு கட்டுக்கு ஓர் அடை.

வேலாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் எண்ணுவதெல்லாம் நகங்களை வைத்துத்தான். கால் நகங்களும் தேவைப்பட்டதால் தரையில் உட்கார்ந்துகொண்டான். நாலு நாள் வெட்டினால் இருபது கட்டு, நாலு நாள் தேனெடுத்தால் எட்டுக் கட்டு என்பது வரைக்கும் சரியாகத்தான் வந்தான். ஆனால் இருபதில் மரம் வெட்டும் வேலை இருந்தது, எட்டில் தேன் இருந்தது. எட்டுத்தான் பெரிதாகத் தெரிந்தது. வாங்குவதே லாபம் என்று முடிவு செய்து எழுந்துவிட்டான்.

வீட்டில் ஒரே ஓர் அடை இருந்தது. அதைக் கொடுத்து முதல் கட்டை வாங்கினான். வாங்கிய விறகைக் குகைக்குக் கொண்டுவந்திருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். அவன் நேராகத் தேன்பாறைக்குப் போனான்.

மலைத்தேனீக்குப் புகை காட்டாமல் கிட்டே போக முடியாது. கரடியின் உடம்பு முழுக்க மயிர் இருந்தாலும் மூக்கு வெறுமையாகத்தானே இருக்கிறது; தேனீக்கள் அதைத்தான் குறிவைக்கும். அதனால் பாறையடியில் காய்ந்த விறகைப் போட்டுக் கொளுத்தி, மேலே பச்சைத்தழையைப் போட்டுப் புகைமூட்ட வேண்டும். ஒருநாள் புகைக்கு ஒரு கட்டு விறகு சரியாக இருந்தது. அன்றைக்கு இரண்டு அடை எடுத்தான். அடுத்த கட்டு விறகுக்கு ஓர் அடையைச் சடையாண்டியிடம் கொடுத்தான். இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் நினைத்தான். ஆனால் பகலெல்லாம் பாறையில் தொங்கியதில் பசி கண்ணை அடைத்தது. வழியிலேயே தின்றுவிட்டான்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

புரட்டாசி நடுவில் சடையாண்டி விலையை ஏற்றினான். மழை நெருங்குகிறது, இனி கட்டுக்கு இரண்டு அடை என்றான். வேலாண்டி அதற்கும் தலையாட்டினான். அன்றிலிருந்து காலையில் ஒரு கட்டை எரித்து இரண்டு அடை எடுப்பான். மாலையில் இரண்டு அடையைக் கொடுத்து ஒரு கட்டு வாங்குவான். மறுநாள் காலையில் அதை எரிப்பான். தின்ன ஒன்றும் மிஞ்சவில்லை. உடம்பு இளைத்து, தோல் தொளதொளவென்று தொங்கியது. ஆனால் அவன் முகத்தில் இதுவரை இல்லாத ஒரு களை வந்திருந்தது. வழியில் பார்க்கிற மிளா மானிடமும் மந்தியிடமும், நின்று பேச நேரமில்லை, வியாபாரம் தலைக்குமேல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடுவான்.

ஒருநாள் சாயங்காலம் பொம்மக்கா அவனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விறகு எங்கங்க?"

"வந்துக்கிட்டே இருக்கு, பொம்மி. விறகு வாங்கத் தேன் வேணும். தேன் எடுக்க விறகு வேணும். ரெண்டும் தடையில்லாம நடக்குது."

"நடக்கட்டும். வீட்டுக்கு எப்ப வரும்?"

இந்தக் கேள்வி வேலாண்டிக்குக் கொஞ்சம் சின்னத்தனமாகப் பட்டது. தொழில் காலூன்றும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னான். பொம்மக்கா தன் வயிற்றைப் பார்த்தாள். அங்கே இருப்பது அவ்வளவு நாள் பொறுக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். மூலையில் ஆறு சுள்ளிகள் மீதி இருந்தன.

இரண்டு நாள் கழித்து, புரட்டாசி முடிகிற சமயத்தில், வேலாண்டி வழக்கம்போல விறகுக் கட்டோடு தேன்பாறையடியில் போய் நின்றான். வானம் மூடிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் கொளுத்திவிட வேண்டும் என்று கட்டை அவிழ்க்கக் குனிந்தபோது, ஒரு காவல் தேனீ வந்து அவன் மூக்கின்மேல் உட்கார்ந்தது. வேலாண்டி மூச்சை அடக்கிக்கொண்டான். தேனீ கொட்டவில்லை. பேசத்தான் வந்திருந்தது. தினமும் அடை கட்டிக் கட்டி அவர்கள் கூட்டமே அலுத்துப்போயிருந்தது.

"உனக்கு எத்தனை பிள்ளைங்கய்யா?" என்று கேட்டது.

"இன்னும் பிறக்கலை."

"அப்புறம் இவ்வளவு தேனையும் யாருதான் தின்கிறது?"

தான் இப்போதெல்லாம் நக்கிக்கூடப் பார்ப்பதில்லை என்று வேலாண்டி பெருமையாகச் சொன்னான். அத்தனையும் விறகு வாங்கத்தான் போகிறது.

"விறகு எதுக்கு?"

"மழை வருதுல்ல. குகையில அடுப்பு எரிக்க வேண்டாமா?"

தேனீ அவன் கையில் இருந்த கட்டைப் பார்த்தது. "அது என்ன?"

"விறகு."

தேனீ பறந்துபோய்க் கட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி மூக்கில் உட்கார்ந்தது. அது வேலாண்டிக்கு என்னவோபோல் இருந்தது. இது தேன் எடுக்கிற விறகு, வீட்டு விறகு வேறு என்று விளக்கினான்.

"பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றது தேனீ.

வேலாண்டி கட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். புரட்டிப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, இதுவரை எத்தனை கட்டு எரித்தோம் என்று எண்ண ஆரம்பித்தான். கை நகங்கள் முடிந்தன. கால் நகங்களும் முடிந்தன. அப்போதும் எண்ணி முடியவில்லை. தேனீ இரக்கப்பட்டுத் தன் ஆறு காலையும் நீட்டியது. அதையும் சேர்த்து எண்ணி முடித்தான். இருபத்தாறு கட்டு. பொம்மக்கா கேட்டது இருபதுதான்.

அன்றைக்கு அவன் தீ மூட்டவில்லை. கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குகைக்குள் நுழைந்து கட்டை இறக்கியபோது பொம்மக்கா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ஒரு கட்டு எத்தனை நாளைக்கு வரும்? அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினார்கள். வேலாண்டி நனைந்துகொண்டே போய்ச் சடையாண்டியின் வளையைத் தட்டினான். கட்டு ஐந்து அடை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவைக்கூடத் திறக்கவில்லை. மழையில் புகை நிற்காது. புகை இல்லாமல் ஐந்து அடைக்கு எங்கே போவது? வேலாண்டி திரும்பி நேராக ஓடைக்கரைக்குப் போனான்.

கருமருது அங்கேயேதான் நின்றது. இந்தத் தடவை அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. மழை முதுகில் அறைய அறைய மரத்தைப் பிறாண்டிச் சாய்த்தான். மேலே ஈரம், பிளந்தால் உள்ளே காய்ந்திருந்தது. ஈர மரத்தில் கால் வழுக்கியது. மூன்று நகங்கள் முறிந்தன. இடுப்புப் பிடித்துக்கொண்டது, சளி பிடித்துக்கொண்டது. வெயிலில் நாலு நாளில் முடிந்திருக்க வேண்டியது மழையில் எட்டு நாள் இழுத்தது. ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு கட்டு, மூன்று கட்டு என்று சுமந்து கொண்டுவந்தான். பொம்மக்கா அவற்றை அடுப்பைச் சுற்றி நிறுத்தி ஈரத்தை வாங்கினாள். மொத்தம் எத்தனை கட்டு என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எண்ணுகிற நகங்களில் மூன்று குறைந்துபோய்விட்டதே.

கார்த்திகை முதல் வாரத்தில் இரண்டு குட்டிகள் பிறந்தன. வெளியே மழை கொட்டியது. உள்ளே அடுப்பு எரிந்தது, வெந்நீர் கொதித்தது. வேலாண்டி ஒரு குட்டியை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு, அசைந்தால் விழித்துவிடும் என்று பயந்து, மூக்கு அரித்தபோதுகூடச் சொறியாமல் படுத்திருந்தான்.

நாலைந்து நாள் போனது. ஒருநாள் பகலில் குகைவாசலில் யாரோ செருமினார்கள். சடையாண்டி நின்றான். முட்களெல்லாம் நனைந்து படிந்து, ஆள் பாதியாகிவிட்டிருந்தான். முதுகில் விறகு இல்லை. நாலு தேனடைகளைக் குத்திக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் மழையையும் பொருட்படுத்தாமல் எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அவன் பாடு இப்படி ஆகியிருந்தது. சடையாண்டி கிழங்கு தின்கிறவன். தேன் அவனுக்குப் பிடிக்காது. அடை வர வர நல்ல வியாபாரம் என்று நினைத்து வளைக்குள் அடுக்கிவைத்தானே தவிர, அதை வைத்து என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. மழை தொடங்கியதும் காட்டு எறும்பெல்லாம் வளைக்குள் வந்துவிட்டது. எறும்பை விரட்டப் புகை போட்டான். ஒரு கட்டு எரிந்தது, அப்புறம் இன்னொரு கட்டு. விற்கவைத்திருந்த விறகு முழுக்க எரிந்து தீர்ந்தது. எறும்பு போகவில்லை. இப்போது வளையில் எறும்புகள் இருக்கின்றன, சடையாண்டிதான் வெளியே இருக்கிறான்.

"ஒரு கட்டு விறகு குடுங்க அண்ணாச்சி. மூணு அடை தர்றேன்" என்றான் நடுங்கிக்கொண்டே.

தேன் வாசனை குகைக்குள் வந்தது. வேலாண்டியின் கண் அகலமானது. அவனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த வியாபாரி எழுந்துவிட்டான். மழைக்காலம் பாருங்கள், கட்டு நாலு அடைக்குக் குறையாது என்று ஆரம்பித்தான். சடையாண்டி மூன்றரைக்கு வந்தான். அரை அடையை எப்படி எண்ணுவது என்று வேலாண்டி காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொம்மக்கா குறுக்கிட்டாள்.

"தாராளமா குடுங்க. அதுக்குப் பதிலா நாளைக்கு மழையில போய் இன்னொரு கட்டு வெட்டிக்கிட்டு வந்துடுங்க."

வேலாண்டி தன் கையைப் பார்த்தான். முறிந்த நகங்களின் அடியில் தோல் இன்னும் சிவந்திருந்தது. இடுப்பு அவன் கேட்காமலே ஒருமுறை சுண்டி இழுத்தது. தேனடைகளை இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"விறகு விக்கிறதுக்கு இல்லப்பா" என்றான். "உள்ள வந்து உக்காரு. எரியுற தீயில நீ ஒருத்தன் கூடக் காய்ஞ்சா குறைஞ்சா போயிடும்?"

சடையாண்டி தேனடைகளை வாசலிலேயே எறும்புகளுக்கு விட்டுவிட்டு உள்ளே வந்தான். குட்டிகளுக்கு முள் குத்தக்கூடாது என்று, முகம் அடுப்பைப் பார்க்க, முதுகு வெளியைப் பார்க்க, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாரல் உள்ளே வருவதும் அதோடு நின்றது. மழை விடும்வரை அவனுக்கு அதுதான் இடமாக இருந்தது.

பொருள் என்ன விலை என்று கேட்கிறவர்கள், அந்த விலையைச் சம்பாதிக்கத் தங்கள் நாளும் உடம்பும் எவ்வளவு செலவாகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.