கயிற்றின் மேல்முனையில் மூன்று பேர்

ஒரு புதிர். சுருக்கமாகச் சொல்கிறேன். இழுத்து இழுத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

பாலாற்றங்கரையில் ஒரு தோல் கம்பெனி. அதன் பின்னால் கழிவுத் தொட்டி. இரண்டு ஆள் ஆழம், மேலே சிமெண்ட் மூடி, ஒருவன் நுழைகிற அளவு வாய். தோல் ஊறிய தண்ணீர், சுண்ணாம்பு, ரோமம், சதைத் துணுக்கு எல்லாம் அதற்குள்தான் போகும். அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மனிதனை இறக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மேனேஜர் போனில் சொன்னது வேறு: "சாயங்காலத்துக்குள்ள தண்ணி ஓடணும்." அவர் வரவும் இல்லை, காற்று சிலிண்டர் அனுப்பவும் இல்லை. இது புதிரில் சேர்த்தி கிடையாது. சொல்லாமல் விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இறங்கியவன் அருள்தாஸ். மேலே கயிற்றைப் பிடித்தவன் தேசிங்கு, அருளுடைய மனைவி அமுலுவின் அண்ணன். கூட நின்றவன் பொன்னுரங்கம். கிணறு வெட்டுகிற குடும்பம், வெட்டக் கிணறு இல்லாமல் போனதால் இங்கே வந்தவன். அமுலுவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, தோல் காயப்போடுவாள். சாப்பாட்டுத் தூக்கோடு வந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள்.

"பத்திரமா ஏத்திடுவல்ல?"

"மாப்ள ஏறாம நான் வூட்டுக்கு வரமாட்டேன், போ."

அது வாக்கு. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இறங்கினவன் வாயை மூடக் கூடாது. பாடணும், இல்லை யாரையாவது திட்டணும். குரல் வருகிறவரை ஆள் நன்றாக இருக்கிறான். குரல் நின்றால் கயிற்றை இழு. அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

அருள் இறங்கியதும் திட்ட ஆரம்பித்தான். "அழுகின முட்டை நாத்தம் மச்சான், கொடலப் பொரட்டுது!" கம்பெனியில் ஒருத்தரையும் விடவில்லை, எல்லார் பேரையும் சொல்லித் திட்டினான். கொஞ்ச நேரத்தில் குரல் குஷியாகிவிட்டது.

"மச்சான், நாத்தமே போயிடுச்சி! சென்ட் அடிச்சா மாதிரி கீது உள்ள!"

மேலே மூன்று பேரும் சிரித்தார்கள்.

"யோவ், உனுக்கு மூக்கு செத்துப்போச்சி," என்றாள் அமுலு. "மேல வந்து சோப்பு போட்டுக் குளிச்சாதான் சோறு."

"சோப்பு வாங்கி வை அப்போ," என்றான் அருள். பிறகு, "மச்சான், கயிறு எட்டல. அவுத்துட்டு மூலைக்குப் போறேன்." பாட ஆரம்பித்தான். மகளைத் தூங்கவைக்க அவனே இட்டுக்கட்டிய பாட்டு. யானை ஆம்பூருக்குப் போய் பிரியாணி கேட்கும். கேட்ட இடத்தில், சொல் பாதியில், நின்றது.

தேசிங்கு கயிற்றை இழுத்தான். வெறும் கயிறு வந்தது.

அவன் குதிக்கப் போனான். பொன்னுரங்கம் சட்டையைப் பிடித்தான். "இரு, வெளக்கு எறக்கிப் பாக்கலாம். அணைஞ்சா எறங்காத. எரிஞ்சா எறங்கு." கிணற்றில் அவன் அப்பா அப்படித்தான் பார்ப்பார். மோட்டார் பூசைக்கு வைத்திருந்த கற்பூரத்தைத் தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தி வாய்ப்பக்கம் வந்தான்.

அமுலுவுக்கு ஒன்று பளிச்சென்று ஞாபகம் வந்தது. போன மாசம் யாரோ இதே வாயில் பீடியைப் போட்டதும் குப்பென்று நீலமாக எரிந்தது, போட்டவன் புருவம் கருகிப்போனது. தூக்கிலிருந்த ரசத்தை அப்படியே கற்பூரத்தின் மேல் கொட்டினாள்.

அதற்குள் தேசிங்கு காலை உள்ளே விட்டிருந்தான். அவனை இடுப்போடு கட்டிப்பிடித்துப் பின்னால் சாய்த்துக்கொண்டு கத்தினாள்: "பொன்னுரங்கண்ணா, எங்க அண்ணன கட்டிப் போடு! கயிறு சும்மாதான கீது!"

கட்டினார்கள். காற்று வருகிற பக்கம் இருந்த வேப்பமரத்தில், அருள் அவிழ்த்துவிட்ட அதே கயிற்றால். அமுலு கம்பெனி கேட்டுக்கு ஓடித் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். யாரும் இறங்காதீங்க, நெருப்பு வேணாம், எந்த சுவிட்சையும் தொடாதீங்க என்றார்கள். திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். "உன் புருஷன் உள்ள கீறான், அமுலு," என்று தேசிங்கு திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் காதைப் பொத்தவில்லை.

வண்டி வந்தது. முதுகில் சிலிண்டரோடு இரண்டு பேர் இறங்கி அருளைத் தூக்கி வந்தார்கள். உயிர் இல்லை. அவர்களில் ஒருவர் தேசிங்கின் கட்டை அவிழ்த்தபடி சொன்னார்: "நீ எறங்கியிருந்தா ரெண்டு பேரைத் தூக்கியிருப்போம்."

"தூக்கியிருக்கலாமே சார்," என்றான் தேசிங்கு.

சாவு வீட்டில் அருளின் அம்மா சம்பூர்ணம் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "எம் புள்ளய வுட்டுட்டு உன் கூடப் பொறந்தவன காப்பாத்திக்கின, இல்ல?" அமுலு வாயே திறக்கவில்லை. தேசிங்கு தங்கையோடு பேசுவதை விட்டுவிட்டான். வீட்டுக்கும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுக்கிறான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்குக்காக இறங்கப் போன தேசிங்கா, சோதித்துப் பார்த்துவிட்டு இறங்கு என்ற பொன்னுரங்கமா, புருஷன் உள்ளே கிடக்க அண்ணனைக் கட்டிப் போடச் சொன்ன அமுலுவா? இவர்களில் யார் செய்தது சரி?

விடை: அமுலு. தேசிங்கு இறங்கியிருந்தால் அவனும் பிணம். கற்பூரம் இறங்கியிருந்தால் மேலே நின்றவர்களும் பிணம். ஆனால் இது பாதி விடைதான். தொட்டிக்குள் இருந்த விஷவாயு கொஞ்சமாக இருந்தால் நாறும், அதிகமானால் முதலில் மூக்கைச் சாகடிக்கும். நாற்றம் போய்விட்டது என்று அருள் சொன்னானே, அப்போதே இழுத்திருக்க வேண்டும். கயிறு அப்போது அவன் இடுப்பில்தான் இருந்தது. குரல் வருகிறதா என்று மட்டும் காது கொடுத்தார்கள், அது என்ன சொல்கிறது என்று மூன்று பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை. தீயணைப்புக்காரர் இதை அன்றைக்கே அமுலுவிடம் விளக்கிவிட்டார். சம்பூர்ணத்துக்கு அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறதா? அவள் செய்தது சரிதான். முடிந்தால் போய் அவளிடம் சொல்லிப் பாருங்கள்.