ததேயுஸுக்கு வைத்த கண்கள்

"டீச்சர், எட்டு ஜிபி ரேம் போதலை. பதினாறு போடவா, முப்பத்திரண்டு போடவா?"

வறுவேல் லேப்டாப்பை ஜெனோபாவின் மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார். வயது ஐம்பத்துமூன்று. கடற்கரை ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். ஜெனோபா அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் படம் திருத்துகிற வேலையில் அவளைத்தான் குருவாக வரித்திருந்தார்.

"யாரு படம் அண்ணே?"

ததேயுஸ் படம் என்றார். படகு கவிழ்ந்து பதினொரு நாள் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. நாளைக் காலை பூசை. வெறும் பெட்டிக்குள் படத்தைத்தான் வைத்து அடக்கம் செய்யப் போகிறார்கள்.

படத்துக்கு நிற்கிற ஆளில்லை அவன். ஆதார் அட்டையில் இருப்பவனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. கிடைத்தது ஒரு கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படம். அதிலும் ஃபிளாஷ் அடித்த நொடியில் கண்ணை மூடிவிட்டான்.

மூடின கண்ணோடு எந்த ஸ்டுடியோக்காரனும் படம் கொடுக்க மாட்டான். நாலு நாளாக வறுவேல் அந்த முகத்தில் திறந்த கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லேப்டாப் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ஜெனோபா திறந்து பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக இருநூற்றுப் பன்னிரண்டு லேயர். அண்ணன் கண், அப்பா கண், சித்தப்பா மகன் கண். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் கூட்டியது ஒன்று, குறைத்தது ஒன்று.

"இதுல எது அவன் கண்ணு?"

வறுவேல் குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க ததேயுஸின் முகமே மறந்துவிடும்போல் இருந்தது.

"ஒண்ணையும் அழிக்க மனசு வரலை டீச்சர். அதுதான் சரியான கண்ணா இருந்துட்டா?"

"பதினாறு போட்டா நானூறு கண்ணு வைப்பீங்க. முப்பத்திரண்டு போட்டா ஊர்க்கண்ணு பூரா இவன் மூஞ்சிலதான் இருக்கும்."

மேலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.

தடுக்க வேண்டும் என்று நினைத்தார் வறுவேல். கை எழவில்லை. நாலு நாள் உழைப்பு கண் கண்ணாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் கண் மூடிய அந்தக் கல்யாணப் படம் மட்டும் மிஞ்சியது. கூட்டத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் பிரித்தாள். நெற்றியில் அடித்த ஃபிளாஷ் வெளிச்சத்தைத் தணித்தாள். அச்சடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்படியேவா கொடுக்கச் சொல்றீங்க?"

அவள் அடுத்த வேலையை எடுத்துவிட்டாள்.

மறுநாள், என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தபடி ததேயுஸ் வீட்டுக்குப் போனார். ததேயுஸின் அம்மா பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு நாளும் கரையில் நின்றவள். யார் சொல்லியும் அழாதவள்.

படத்தை வாங்கி மடியில் கிடத்தினாள். வெகுநேரம் பார்த்தாள். சேலைத் தலைப்பால் அந்த நெற்றியைத் துடைத்தாள், ஈரம் இருப்பதுபோல.



"வந்துட்டியா மக்கா," என்றாள். "ஒறங்கு."