ஏழு அறை வளை

கரும்பாறைக் காட்டில் வேலாயுதம் என்ற முள்ளம்பன்றி ஒரு வளையில் வாழ்ந்து வந்தது. வளைக்கு மூன்று அறை. வேலாயுதத்தின் பேச்சில் மட்டும் ஏழு அறை.

பேச்சில் நாலு அறை கூடியதற்குக் காரணம் உண்டு. அதன் மகளைப் பெண் பார்க்க ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சிங்காரம் என்ற முள்ளம்பன்றி மகனோடு வந்திருந்தது. வாசலில் நின்றபடியே சிங்காரம், "எங்கள் வளையில் ஒன்பது அறை!" என்றது.

வேலாயுதம் விடுமா? "நமக்கு ஏழுதான். சின்னக் குடும்பம், போதாதா?" என்றது.

உடனே அதற்குப் பயம் பிடித்தது. உள்ளே வந்து பார்த்துவிட்டால்? "நல்ல நேரம் போகிறது, நல்ல நேரம் போகிறது!" என்று அவசரப்படுத்தி, வாசலிலேயே வெற்றிலை மாற்றிக்கொண்டது. மழை முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது.

பக்கத்து ஈச்சம்புதரில் ஒரு நரி படுத்திருந்தது. அது சிங்கராஜாவின் வரி அதிகாரி. காட்டிலுள்ள எல்லா வளைக்கும், அறைக்கு ஒரு கூடைக் கிழங்கு வரி என்று உத்தரவாகியிருந்தது. ஒவ்வொரு வளையிலும் நுழைந்து அளக்க நரிக்கு உடம்பு வணங்கவில்லை. கல்யாணம் பேசும் இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொண்டால், குடிகளே அளந்து சொல்லிவிடுகிறார்கள் என்று அது கண்டுபிடித்து வைத்திருந்தது.

ஒரே வாரத்தில் தேக்கிலையில் நோட்டீஸ் வந்தது. 'அறை ஏழு. வரி ஏழு கூடை. ஆட்சேபணை இருந்தால் பௌர்ணமி பகலுக்குள் நீதிபதி யானையார் முன் நேரில் வந்து சொல்லவும்.'

மனைவி செம்பாயி தலையில் கைவைத்துக்கொண்டது. "ஏங்க, மழைக்கென்று சேர்த்ததே பத்துக் கூடைதான். இதைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் எதைத் தின்னும்? போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வாங்க!"

"என்னவென்று சொல்ல? நான் சொன்னது பொய் என்றா? அத்தனை பேர் நடுவிலா? சம்பந்தி காதுக்குப் போனால் கல்யாணம் நடக்குமாடி? அவர்களுக்கு ஒன்பது அறை!"

"அந்த ஒன்பதை எண்ணிப் பார்த்தது யார்? நீங்களா?"

வேலாயுதம் முள்ளைச் சிலிர்த்தது. மாட்டிக்கொண்டால் முள்ளம்பன்றிகள் அதைத்தான் செய்யும்.

காலையில் போகலாம் என்று தோன்றும். மத்தியானம் வேண்டாம் என்று தோன்றும். கிழங்கு அறைக்குள் போனால் மறுபடியும் போகலாம் என்று தோன்றும். இப்படியே நாட்கள் ஓடின. பௌர்ணமியன்று செம்பாயி வேலாயுதத்தை வாசலுக்கு வெளியே தள்ளியே விட்டது.

மருதமரத்தடியில் யானையார் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பெருச்சாளி நின்றது.

"ஐயா, எனக்கு நாலு அறை என்று எழுதியிருக்கிறார்கள். இருப்பது ஒன்று. அதிலும் வாலை மடக்கித்தான் படுக்கிறேன்!"

கூட்டம் சிரித்தது. நரி குறுக்கே வந்தது. "நாலு அறை என்று பெண் வீட்டில் பீற்றிக்கொண்டவன் நீதானே?"

"பீற்றிக்கொண்டேன், யார் இல்லையென்றது? வரி என் வாய்க்கா, வளைக்கா?"

யானையார் உடும்பை அளக்க அனுப்பினார். உடும்பு போய்வந்து, "ஒன்றுதான் ஐயா! உள்ளே திரும்ப இடமில்லை. பின்பக்கமாகவே வெளியே வந்தேன்!" என்றது.

யானையார் பழைய நோட்டீஸைக் கிழித்துப் போட்டார். ஒரு கூடை என்று தீர்ப்பாயிற்று. பெருச்சாளி மீசையைத் துடைத்துக்கொண்டு போயிற்று.

'இவ்வளவுதானா!' என்று நினைத்தது வேலாயுதம். 'சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.' ஓரடி முன்னால் வைத்தது. பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தால் சம்பந்தி சிங்காரம்!

சிங்காரம் கையிலிருந்த தேக்கிலையைச் சட்டென்று முதுகுப் பக்கம் மறைத்தது. இலை முள்ளில் குத்திக்கொண்டு கொடி மாதிரி ஆடியது. வேலாயுதம் தன் இலையைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டது.

"வாங்க சம்பந்தி! எங்கே இந்தப் பக்கம்?"

"சும்மா, யானையாரைக் கும்பிட்டுப் போகலாம் என்று. நீங்கள்?"

"நானும் கும்பிடத்தான்!"

"வரியில் ஏதும் தகராறு இல்லையே?"

"ஏழு கூடையெல்லாம் ஒரு வரியா? உங்களுக்கு?"

"ஒன்பது! நமக்கெல்லாம் அது ஒரு பேச்சா?"

சம்பந்தியின் முதுகில் ஆடிய இலை வேலாயுதத்தின் கண்ணில் படாமல் இல்லை. அதைப் பற்றிக் கேட்டால் தன் காலைத் தூக்கச் சொல்லிவிடுவாரே என்று கேட்கவில்லை.

"அடுத்தது யார்?" என்றார் யானையார்.

"கும்பிடுகிறோம் ஐயா!" என்றன இரண்டும்.

சம்பந்தி போகட்டும், பிறகு சொல்லலாம் என்று வேலாயுதம் காத்திருந்தது. சிங்காரமும் அப்படியே காத்திருந்தது. மழை எப்போது வரும், கல்யாணத்துக்கு யாரை அழைப்பது என்று இரண்டும் பேசிக்கொண்டே நின்றன. பொழுது சாய்ந்தது. யானையார் எழுந்து குளத்துக்குப் போய்விட்டார்.

ஏழு கூடையும் போயிற்று. மழை நாற்பது நாள் பெய்தது. செம்பாயி ஒரு கிழங்கை நாலாக அரிந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தது. புருஷனுக்குத் தோலைக் கொடுத்தது. மழை விட்டதும் கல்யாணம் நடந்தது. மறுவீடு வந்த மகள் தாயின் காதில் மெதுவாகச் சொன்னது: "அங்கே இரண்டே அறைதான் அம்மா! அவர்களும் மழை முழுக்கப் பட்டினி!" அடுத்த அறையில் வேலாயுதம் தூங்குவதுபோல் படுத்திருந்தது. மூன்று அறை வளையில் எது கேட்காது?

அங்கே அரண்மனையில் சிங்கராஜா நரியைக் கேட்டது: "வரிக்கு எத்தனை பேர் ஆட்சேபணை சொன்னார்கள்?"

"ஒரே ஒரு பெருச்சாளி, ராஜா!"

"மற்றவர்கள்?"

"வாய் திறக்காமல் கட்டினார்கள்!"

"அவ்வளவு வசதியாகவா இருக்கிறார்கள்? அப்படியானால் அடுத்த வருஷம் அறைக்கு இரண்டு கூடை என்று போடு!"

இல்லாததைச் சொல்லிக்கொண்ட வெட்கத்தில் நியாயத்தைக் கேட்காமல் திரும்புகிறவன், தன்னோடு ஊரையும் சேர்த்துப் பட்டினி போடுகிறான்.