குறிப்பிடப்படாத பாதம்

மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் முறிவுக்கும் உரிய கோட், அதாவது குறியீட்டு எண், போடுகிற அலுவலகம் அது. பெருங்குடியில் ஐந்தாவது மாடி. அங்கே நாற்பத்தாறு வயதில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார் பிலவேந்திரன். அவருக்குக் கற்றுக்கொடுத்த ரெஹானாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை சார் என்பாள்.

அவர் செய்ததில் ஏற்கெனவே இரண்டு தவறுகள் பிடிபட்டிருந்தன. இன்னொன்று அகப்பட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அந்த நினைப்பிலேயே மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மவுசைத் தொட்டாலே உள்ளங்கை வியர்த்தது.

அன்று மத்தியானம் அவளிடம் வந்து நின்றார்.

"மேடம், பயமில்லாம கோட் போட எப்ப வரும்?"

"எதைப் பார்த்துப் பயந்தீங்க? காட்டுங்க."

காட்டினார். எங்கோ அமெரிக்காவில் ஏணியிலிருந்து விழுந்த ஓர் அம்மாள். பாதத்தில் எலும்பு முறிவு. ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் அனுமதி வாங்குவதற்காக வந்த கோப்பு. மருத்துவரின் குறிப்பில் இடது பாதம் என்றிருந்தது. எக்ஸ்ரே அறிக்கையிலோ வலது பாதம்.

"நீங்க என்ன போட்டீங்க?"

"மொதல்ல இடது போட்டேன். அப்புறம் வலதுன்னு மாத்தினேன். கடைசியில, குறிப்பிடப்படாத பாதம்னு ஒரு கோட் இருக்குல்ல, அதைப் போட்டு அனுப்பிட்டேன். கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாது."

எந்தப் பக்கம் என்று யாருமே எழுதாமல் விட்டால் போடுவதற்கான கோட் அது. பயந்தவர்கள் ஒளிந்துகொள்ளவும் வசதியாகத்தான் இருந்தது.

ரெஹானா சுவரோரத்து அலமாரியைக் காட்டினாள். பயிற்சிக்கு வாங்கிய பிளாஸ்டிக் எலும்புகள் அதில் கிடந்தன.

"ஒரு பாதம் எடுத்துட்டு வாங்க சார்."

எடுத்து வந்தார்.

"இது எந்தக் கால்?"

பெருவிரல் இருந்த பக்கத்தைப் பார்த்தார். "வலது மேடம்."

"இதை வச்சிட்டு, குறிப்பிடப்படாத பாதம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

கேலி செய்கிறாள் என்று நினைத்தார். அவள் முகத்தில் கேலியில்லை. அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இடது இருந்தது, வலது இருந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"டாக்டருக்கு எழுதிக் கேக்கலாமா மேடம்?"

"கேக்கலாம். இடதுதானேன்னு கேக்கக் கூடாது. ரெண்டும் இருக்குன்னு காட்டி, எதுன்னு அவரையே சொல்ல விடணும்."

"கேட்டா கோப்பு திரும்பி வரும். என் பேர்ல தப்புன்னு விழும்."

"விழும்."

"வேலை போயிடுமா?"

"போகலாம் சார்."

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

உட்கார்ந்தார். எழுதி அடித்தார், அடித்து எழுதினார். ஒருவழியாகக் கேள்வி முடிந்தது. அனுப்புகிற பொத்தான்மேல் போன விரல் அங்கேயே நின்றது.

"இன்னும் பயமாத்தான் இருக்கு மேடம்."

"யாரை நெனைச்சு?"

என்னை நினைத்துத்தான் என்று சொல்ல வாயெடுத்தார். திரையில் அந்த அம்மாளின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே இடது, வலது. இரண்டையும் மறுபடி படித்தார்.

"அந்தம்மாவ நெனைச்சு மேடம். எந்தக் கால்ல கத்தி வைப்பாங்களோன்னு."

"அப்ப அனுப்புங்க."