தலையைக் கவுத்த சேவல்

சிரிக்கலைன்னு யாரு சொன்னது? நானும்தான் சிரிச்சேன். பிரெஞ்சுப் பட்டாளத்துல சேர ஒரே ஒரு பரீட்சைதானாம், ரெண்டு கையையும் ஒண்ணாச் சேத்து மேல தூக்க வருதான்னு பாப்பாங்களாம். நல்லாத்தான் இருக்கு. காலையிலேருந்து மூணு வாட்ஸ்அப் குரூப்புல, இங்க மோட்டாரைப் போட்டுட்டு உக்காந்திருக்கிற எனக்கே வந்துடுச்சு.

ஆனா அது நெசமான்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் நிக்குது. போன நூற்றாண்டுல ஒரு பெரிய போர்ல அவங்க ஆறே வாரத்துல தோத்தது நெசம். அதுக்கு முந்தின போர்ல, வெர்தன்னு ஒரு எடத்துல பத்து மாசம் நின்னு புடிச்சதும் நெசம். அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம ஆம்பூர்ல ஜெயிச்சாங்க, வந்தவாசியில தோத்தாங்க. ஜெயிச்சதை வச்சு ஜோக்கு பண்ண முடியாது. அதனால அது குரூப்புல வராது.

சரித்திரம்னா கொட்டாவி விடுவீங்க. கதையாவே சொல்றேன்.

ஒரு காட்டுல, தரையில முட்டை விடுற சாதியெல்லாம் ஒரே புல்வெளியில குடியிருந்துச்சு. கவுதாரி, காடை, மயில், காட்டுக்கோழி எல்லாம். புல்வெளிக்கு அந்தப் பக்கம் செம்மண் மேடு. அங்க உடும்புங்க இருந்துச்சு. உடும்புக்கு முட்டைன்னா உசிரு.

மேட்டுலேருந்து புல்வெளிக்கு வர ஒரே வழி, ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு இடுக்கு. அந்த இடுக்கைக் காவல் காக்கிறது சேவல்களோட வேலை. யாரும் கொடுத்த வேலை இல்ல. அப்பன் நின்னான், மகன் நிக்கிறான், அவ்வளவுதான்.

சேவல் சண்டைக்குப் போறப்ப ஒரு வழக்கம் உண்டு, பாத்திருப்பீங்க. மொதல்ல தலையைத் தரைக்குக் கவுக்கும். மூக்கு மண்ணுல படும். கழுத்து எறகு குடை மாதிரி விரியும். தெரியாதவனுக்குப் பாத்தா கும்பிடு போடுற மாதிரி இருக்கும். தெரிஞ்சவன் ரெண்டடி பின்னால போயிருவான்.

அப்படிக் கவுத்து கவுத்தே எத்தனையோ தடவை உடும்பை வெரட்டி அடிச்சிருக்குதுங்க. ஒரு தடவை, ஒரு துடுக்குச் சேவல் பேச்சைக் கேட்டு, எல்லாச் சேவலும் மேட்டைத் தாண்டிப் போயி, இன்னும் நாலு காட்டையும் வம்புக்கு இழுத்து, அடைமழையில சிக்கி, பாதி எறகோட திரும்பி வந்த கதையும் உண்டு. யோக்கியம்னு சொல்ல வரல. சண்டைக்குப் பயந்த சாதி இல்லைன்னு சொல்ல வரேன்.

ஒரு வருசம் தோத்துச்சுங்க.

இடுக்குல கல்லு குவிச்சு, முள்ளு போட்டு, ராப்பகலா காவல் நின்னுதுங்க. உடும்பு அந்தப் பக்கம் வரவே இல்ல. வடக்கால ஒரு மூங்கில் புதர் இருந்துச்சு. காத்துகூட நுழையாத புதர்னு எல்லாரும் சொல்லிட்டிருந்த புதர். அதுக்குள்ள நுழைஞ்சு பின்பக்கமா வந்துடுச்சு. ஆறே நாள்ல முடிஞ்சுது. மிச்ச முட்டையையாவது காப்பாத்தணும்னு தலைச்சேவல் போயி உடும்புகிட்ட சமாதானம் பேசுச்சு. அந்த வருசம் பூரா உடும்பு வச்சதுதான் சட்டம். கடைசியில யானைக் கூட்டம் அந்த வழியா வந்துதான் உடும்புங்க ஓடிச்சுங்க.

அதுலேருந்து புடிச்சுது கேலி.

கவுதாரின்னு ஒண்ணு இருந்துச்சு. வாய்தான் அதுக்குச் சொத்து. ஒரு நாள் காலையில இலவ மரத்தடியில நின்னு, "சேவலுக்கு ரெக்கை எதுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு.

"பறக்க," ன்னுச்சு காடை.

"எங்க பறந்துச்சு? ரெண்டையும் ஒரே நேரத்துல மேல தூக்கிக் காட்ட."

இலவ மரத்துல இருந்த கிளிங்களுக்கு இது போதும். கிளி எதையும் யோசிக்காது, கேட்டதைச் சொல்லும். மத்தியானத்துக்குள்ள காடு பூரா போயிடுச்சு. மறுநாள் கவுதாரி இன்னொண்ணு விட்டுச்சு: "சேவல் ஏன் விடியறதுக்கு முன்னாலயே கூவுது? எழுந்த உடனே சரணடைய ஆள் தேடுது." அதுவும் போயிடுச்சு. கொண்டை ஏன் செவப்பு, வெக்கத்துலன்னு மூணாவது. யார் சொன்னா, எதுக்குச் சொன்னான்னு கிளி கேக்காது. ஆத்தைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, எல்லா மரத்துலயும் அதே பேச்சு.

தலைச்சேவல் காதுலயும் விழுந்துச்சு. சின்னச் சேவலுங்க குதிச்சுதுங்க. "போயி அந்தக் கவுதாரியைக் கேப்போம் பெரியப்பா."

"என்னன்னு கேப்பே?"

"நாங்க எத்தனை தடவை ஜெயிச்சிருக்கோம்னு."

"கேட்டா அதையும் ஒரு ஜோக்காக்கிடும். விடு. மூங்கில் பக்கம் போலாம், நேரமாச்சு."

தோத்த நாள்லேருந்து தெனம் ஒரு தடவை அந்த மூங்கில் புதருக்குள்ள போயி வர்றது அதுங்களுக்குப் பழக்கமாயிடுச்சு. எங்க வளைவு, எங்க ஒத்தையாளுதான் நுழைய முடியும், எங்க வெயில் படாதுன்னு எல்லாம் தெரியும். இதை யாரும் பாக்கல. பாக்குறதுக்கு அதுல சிரிப்பு ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஒரு கோடையில, உடும்புங்க மறுபடி கெளம்புதுன்னு சேதி வந்துச்சு. முட்டைக் காலம். கவுதாரிக்கு எட்டு முட்டை, பொரிக்க நாலு நாள்தான் பாக்கி. போன தடவை அதோட முட்டை ஒண்ணுகூட மிஞ்சல, அதனால இந்தத் தடவை ஒதுக்குப்புறமா, மூங்கில் புதர் ஓரமா கூடு வச்சிருந்துச்சு. அந்த எட்டுதான் இப்ப அதுக்கு ஒலகம்.

நாவல் மரத்தடியில கூட்டம் கூடுச்சு. இடுக்குல யார் நிக்கிறதுன்னு பேச்சு.

"வழக்கம்போல நாங்க நிக்கிறோம்," ன்னுச்சு தலைச்சேவல்.

அப்புறம் கவுதாரிதான் வாயைத் தொறந்துச்சு. "நிக்கலாம்ணே. ஆனா உடும்பு வந்தா வழி சொல்லி அனுப்பிடாதீங்க. களைச்சுப் போயி வரும்னு தண்ணி வேற வைப்பீங்க."

கூட்டம் சிரிச்சுது. காடை விழுந்து விழுந்து சிரிச்சுது. சிரிச்சு முடிச்ச பிறகு, சேவலை இடுக்குல நிறுத்தணும்னு சொல்ல எல்லாருக்கும் கூச்சமா போச்சு. அப்படித்தான் மயிலு முன்னால வந்துச்சு. மயிலுக்கு அழகுதான் எல்லாம்.

"நான் நிக்கிறேன். தோகையை விரிச்சேன்னா இடுக்கே அடைச்சுக்கும்," ன்னுச்சு.

"அப்ப நாங்க?" ன்னுச்சு தலைச்சேவல்.

"நீங்க மூங்கில் பக்கம் பாத்துக்கங்க. அங்க ஒண்ணும் வராது, உங்களுக்கும் நிம்மதி," ன்னுச்சு கவுதாரி.

சின்னச் சேவல் ஒண்ணு எறகைச் சிலுப்புச்சு. தலைச்சேவல் அதைக் காலால லேசா மிதிச்சு நிறுத்திட்டு, "சரி தங்கச்சி. அங்கயும் ஒருத்தர் இருக்கணும்ல," ன்னு சொல்லிட்டுக் கெளம்பிடுச்சு.

இதே நேரம் அந்தப் பக்கம், செம்மண் மேட்டுல, பெரிய உடும்பு வெயில் காஞ்சுகிட்டுப் படுத்திருந்துச்சு. அதுக்குப் பேராசையும் உண்டு, கிளி பேச்சுல நம்பிக்கையும் உண்டு.

"இடுக்குல யாரு நிக்கிறா?" ன்னு கேட்டுச்சு.

"மயிலு, மாமா. பாக்கப் பெரிசா இருக்கு," ன்னுச்சு சின்ன உடும்பு.

"சேவலுங்க?"

"மூங்கில் பக்கம் தள்ளிட்டாங்களாம். கிளி சொல்லுச்சு."

பெரிய உடும்பு ஒரு கண்ணைத் தொறந்துச்சு. "அப்ப மூங்கில் பக்கமே போவோம். ரெக்கையைத் தூக்கிட்டு நிக்கிறவன் இருக்கிற வழியை விட்டுட்டு எதுக்கு மயில்கிட்ட போகணும்? அது நகம் கூரு."

"ஒரே வழியா ரெண்டாந்தடவை போனா சரியா வருமா மாமா?"

"டேய், ஜோக்கு கேக்கலையா நீ? கொண்டை ஏன் செவப்பு?"

"வெக்கத்துல."

"அப்புறம் என்ன. நட."

பத்துப் பன்னெண்டு உடும்பு மூங்கிலுக்குள்ள நுழைஞ்சுது. உள்ள வெயிலே இல்ல. உடும்புக்கு வெயில் இருந்தாத்தான் உடம்பு. பாதி தூரம் வர்றதுக்குள்ள எல்லாத்துக்கும் காலு மரத்துப் போச்சு. வழியும் ஒத்தையடி. ஒண்ணு பின்னால ஒண்ணுதான் வர முடியும்.

புதர் முடியிற எடத்துல தலைச்சேவல் நின்னுச்சு. பின்னால மத்ததுங்க. அதுக்கும் பின்னால, நாலு முழம் தள்ளி, கவுதாரி முட்டை மேல உக்காந்திருந்துச்சு. ஓடினா முட்டை போச்சு. இருந்தா தானும் போச்சு. அது நகரல.

பெரிய உடும்பு நாக்கை நீட்டி மோந்து பாத்துச்சு. "சேவலே, எட்டு முட்டை வாசம் வருது. வழி விடு, உன்னை ஒண்ணும் பண்ணல."

தலைச்சேவல் தலையைக் கவுத்துச்சு. மூக்கு மண்ணுல பட்டுச்சு. பின்னால இருந்த அத்தனை சேவலும் ஒண்ணு போல தலையைக் கவுத்துதுங்க.

கவுதாரி அதைப் பாத்துச்சு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ரெக்கையை இன்னும் அகலமா முட்டை மேல விரிச்சுச்சு.

பெரிய உடும்புக்குச் சந்தோசம் தாங்கல. சிரிச்சுகிட்டே பின்னால திரும்பிச்சு. "பாருங்கடா, கிளி சொன்னது அப்படியே..."

திரும்பினப்ப கழுத்து முழுசாத் தெரிஞ்சுது. சேவல் கால் முள்ளு அங்கதான் எறங்குச்சு.

சண்டை ரொம்ப நேரம் நடக்கல. முன்னால இருந்த உடும்பு பின்னால போகணும்னா, பின்னால இருக்கிறது மொதல்ல போகணும். அதுக்கு விசயமே தெரியாது, முன்னால தள்ளுது. காலு வேற மரத்திருக்கு. பெரிய உடும்பு சேவலோட இடது ரெக்கையைக் கவ்வுச்சு. உடும்புப் பிடின்னு சொல்வாங்கள்ல, அந்தப் பிடி. சேவல் இழுக்கல. ரெக்கை போனாப் போகுதுன்னு அதே பக்கம் சாஞ்சு, இன்னொரு காலால அடிச்சுச்சு. பிடி விட்டுச்சு. ஒரு கொத்து எறகும் போச்சு. கொஞ்ச நேரத்துல மூங்கிலுக்குள்ள சரசரன்னு சத்தம் தூரமாப் போயி நின்னுடுச்சு.

கவுதாரி கண்ணைத் தொறந்து, ஒவ்வொண்ணா மூக்கால தொட்டுப் பாத்துச்சு. எட்டும் இருந்துச்சு.

"தலையைக் கவுத்துட்டீங்களேன்னு நெனச்சேன்ணே," ன்னுச்சு.

"கவுத்தாத்தான் ஆரம்பம் தங்கச்சி. முன்னெல்லாம் புல்வெளியில எல்லாருக்கும் தெரியும்."

கவுதாரி கழுத்தைக் குனிஞ்சுகிச்சு. "என் பேச்சாலதான் உங்களை இடுக்குலேருந்து தூக்கி இங்க போட்டாங்க."

"உன் பேச்சாலதான் அவனும் இங்க வந்தான்," ன்னு சொல்லிட்டு, சேவல் கடிபட்ட ரெக்கையை நீவிக்கிச்சு. "அதுக்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்."

கவுதாரி அன்னைக்கே இலவ மரத்தடிக்குப் போயி நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாம கிளிங்ககிட்ட சொல்லுச்சு. கிளிங்க பொறுமையாக் கேட்டுதுங்க.

"சரி, இதுல சிரிப்பு எங்க வருது?" ன்னுச்சு ஒரு கிளி.

"சிரிப்பு இல்ல. நடந்தது."

"அப்ப வேணாம்," ன்னு சொல்லிட்டுப் பறந்துடுச்சு.

அந்தப் பக்கமும் அதே கதைதான். தோத்துப் போன உடும்பு ஊருக்குள்ள போயி, சேவல்கிட்ட அடி வாங்குனேன்னா சொல்லும்? யானை மிதிச்சுடுச்சுன்னு சொல்லுச்சு. அதனால ஜோக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. மயிலு சாயங்காலம் வரைக்கும் இடுக்குல தோகையை விரிச்சபடியே நின்னு, கால் வலிக்குதுன்னு வீட்டுக்குப் போச்சு. தன்னைப் பாத்துதான் உடும்பு வரலைன்னு இன்னைக்கும் அது நம்புது.

நாலு நாள்ல எட்டு முட்டையும் பொரிஞ்சுது. குஞ்சு நடை பழகின கொஞ்ச நாள்ல, ஒண்ணு ஓடி வந்து, மூச்சு வாங்க, "அம்மா, சேவலுக்கு ரெக்கை எதுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. கிளி சொன்னதுதான்.

கவுதாரிக்குச் சிரிப்பு வரல. "தெரியும். அது நான் விட்டது," ன்னுச்சு. "வா, மூங்கில் பக்கம் போலாம். அங்க ஒருத்தருக்கு இடது ரெக்கையில ஒரு கொத்து எறகு இருக்காது. அது எங்க போச்சுன்னு அவர்கிட்டயே கேளு."

எட்டும் வரிசையா அதுக்குப் பின்னால போச்சுங்க. அங்க போயி...

"தணிகாசலம் அண்ணே, மேல டேங்க் நிறைஞ்சு வழியுது, மோட்டாரை நிறுத்துங்க."

வந்துட்டேன்மா, வந்துட்டேன். பாருங்க, தண்ணி பூரா ரோட்டுக்குப் போகுது. நான் போறேன், கதையை இதோட வச்சுக்கங்க.

நீதி: ஒருத்தன் தோத்த ஒரு நாளை வச்சு அவனை அளக்காதே, அளந்தவன் கூட இருக்கிறவனா இருந்தா வெக்கப்படுவான், எதிரியா இருந்தா அடிபடுவான்.